ஒரே மைதானம்... வேறு வேறு தொடக்கக் கோடு! கோல்ஃபில் ‘ஃபார்வர்ட் டீ’ ஏன் இவ்வளவு முக்கியம்?

2021 ஆகஸ்ட் 7. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிய இன்னும் ஒரே ஒரு நாள். அன்று காலையில் இந்தியாவில் பலர் வாழ்க்கையில் முதல்முறையாக கோல்ஃப் பார்க்க டிவி முன் உட்கார்ந்தார்கள். காரணம், பெங்களூருவைச் சேர்ந்த அதிதி அசோக். கடைசி ஹோல் வரை பதக்கப் போட்டியில் இருந்த அவர், ஒரே ஒரு ஷாட் வித்தியாசத்தில் வெண்கலத்தைத் தவறவிட்டு நான்காம் இடம் பிடித்தார்.

அந்தப் போட்டி நடந்த கசுமிகசெக்கி மைதானத்தில்தான் அதற்கு முந்தைய வாரம் ஆண்கள் போட்டியும் நடந்தது. ஆண்களுக்கு மைதானத்தின் மொத்த நீளம் 7,447 யார்டு. பெண்களுக்கு 6,648 யார்டு. அதாவது சுமார் 800 யார்டு குறைவு. யார்டு என்பது துணிக்கடையில் சொல்லும் அதே கெஜம்தான். ஒரு மீட்டரைவிடக் கொஞ்சம் கம்மி.

ஒரு வாரத்தில் மைதானம் எப்படிச் சுருங்கியது? சுருங்கவே இல்லை. புல்வெளி அதேதான், குளம் அதேதான், மணல் பள்ளங்களும் அதேதான். பந்தை முதலில் வைத்து அடிக்கும் இடம் மட்டும் முன்னால் நகர்ந்தது. அவ்வளவுதான்.

உலகத்தரப் போட்டியிலேயே சாதாரணமாகச் செய்யப்படும் இந்த விஷயத்துக்கு, வார இறுதியில் விளையாட வரும் சாமானிய ஆட்டக்காரர்கள் பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஏன்? விரிவாகப் பார்க்கலாம்.

‘டீ’ என்றால் என்ன?

குடிக்கிற டீ இல்லை. கோல்ஃபில் ஒவ்வொரு ஹோலும் தொடங்கும் இடத்துக்குப் பெயர்தான் டீ. வழக்கமான மைதானத்தில் 18 ஹோல்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் சமதளமாக வெட்டிய ஒரு புல்மேடை, அதில் இரண்டு அடையாளக் குமிழ்கள். அந்த இரண்டுக்கும் நடுவே, பின்பக்கமாக இரண்டு கிளப் நீளத்துக்குள் பந்தை வைத்து முதல் அடி அடிக்க வேண்டும்.

ஒரே ஹோலில் இப்படிப் பல மேடைகள் ஒன்றன்முன் ஒன்றாக இருக்கும். கடைசியில் இருப்பது தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு. நடுவில் இருப்பது சராசரி ஆட்டக்காரர்களுக்கு. குழிக்கு மிக அருகில், முன்னால் இருப்பதுதான் ‘ஃபார்வர்ட் டீ’. தமிழில் முன்தளம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இவற்றை நிறத்தால் பிரிப்பது வழக்கம். பல மைதானங்களில் கறுப்பு அல்லது நீலம் பின்னால், வெள்ளை நடுவில், சிவப்பு முன்னால். இந்த நிறங்களுக்கு எந்த விதியும் கிடையாது. மைதானத்துக்கு மைதானம் மாறும். ஆனால் சிவப்பு டீக்கு ‘லேடீஸ் டீ’ என்று ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது. சிக்கல் தொடங்கியதே அங்கேதான்.

பிரச்னை என்ன? கணக்கைப் பாருங்கள்

அமெரிக்காவின் பி.ஜி.ஏ டூரில் ஆடும் ஒருவர் டிரைவர் என்ற நீளமான கிளப்பால் அடித்தால், பந்து சராசரியாக 300 யார்டை ஒட்டிப் போகும். சாதாரண ஆண் ஆட்டக்காரர் அடித்தால் சுமார் 215 யார்டு. சாதாரணப் பெண் ஆட்டக்காரர் அடித்தால் சுமார் 150 யார்டு.

இப்போது 400 யார்டு நீளமுள்ள ஒரு ‘பார் 4’ ஹோலை எடுத்துக்கொள்வோம். பார் 4 என்றால், இரண்டு அடியில் குழி இருக்கும் கிரீனை அடைந்து, அடுத்த இரண்டு தட்டில் பந்தைக் குழிக்குள் போட வேண்டும் என்பது கணக்கு.

- தொழில்முறை ஆட்டக்காரர்: முதல் அடியில் 300. மீதி 100. சின்ன கிளப்பால் லேசாகத் தூக்கிப் போட்டால் போதும்.
- சாதாரண ஆண்: முதல் அடியில் 215. மீதி 185. நன்றாக அடித்தால் ஒருவேளை எட்டலாம்.
- சாதாரணப் பெண்: முதல் அடியில் 150. மீதி 250. இரண்டாவது அடியை எவ்வளவு அற்புதமாக அடித்தாலும் எட்டாது.

மூன்றாவது வரியில்தான் விஷயம் இருக்கிறது. அவர் தப்பு எதுவும் செய்யவில்லை. இரண்டு அடியையும் சரியாகத்தான் அடித்தார். ஆனாலும் ‘பார்’ எடுக்கும் வாய்ப்பு ஆட்டம் தொடங்கும் முன்பே கிட்டத்தட்ட போய்விட்டது. இது ஒரு ஹோலில் அல்ல, ஹோலுக்கு ஹோல் நான்கைந்து மணி நேரம் தொடர்ந்தால்? அடுத்த வாரம் அவர் வருவாரா?

இன்னொரு கணக்கும் உண்டு. பல பழைய மைதானங்களில் ‘லேடீஸ் டீ’யின் மொத்த நீளமே 5,200 யார்டு அளவில் இருந்தது. 150 யார்டு அடிப்பவருக்கு 5,200 என்றால், 300 யார்டு அடிப்பவருக்கு 10,400 யார்டுக்குச் சமம். தொழில்முறை வீரர்கள் ஆடும் மைதானங்கள் பெரும்பாலும் 7,000 முதல் 7,800 யார்டுக்குள்தான் இருக்கும். நட்சத்திர வீரர்களுக்கே கொடுக்காத தண்டனையை, ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்க வந்தவருக்குக் கொடுத்த கதை இது.

நீளம் மட்டுமா? தண்ணீரும்தான்

கஷ்டமான மைதானம் என்றால் நீளம் மட்டும் இல்லை. டீக்கும் புல்வெளிக்கும் நடுவே குளம், பள்ளம், புதர் என்று ஏதாவது குறுக்கே நிற்கும். பந்து அதைக் காற்றிலேயே தாண்ட வேண்டும். உருட்டிக்கொண்டு போக வழியே இருக்காது.

170 யார்டு தாண்ட வேண்டிய குளத்தின் முன் நின்றால், 250 யார்டு அடிப்பவருக்கு அது ஒரு அழகான காட்சி. 140 யார்டு அடிப்பவருக்கு அது சுவர். பந்தைத் தண்ணீரில் போட்டுவிட்டு, அபராத ஷாட்டையும் வாங்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

நியூயார்க் மாநில அரசுக்குச் சொந்தமான பெத்பேஜ் பிளாக் மைதானத்தில் முதல் டீ அருகே ஓர் எச்சரிக்கைப் பலகையே இருக்கிறது. இது மிகக் கடினமான மைதானம், தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கு மட்டுமே பரிந்துரைக்கப்படுகிறது என்பது அதன் சாரம். 2002, 2009 அமெரிக்க ஓபன் போட்டிகளும், 2025 ரைடர் கோப்பையும் நடந்த இடம் அது. பலகை வைத்து எச்சரிப்பது ஒரு வழி. வருகிறவருக்கு ஏற்ற இடத்தில் தொடங்க வைப்பது இன்னொரு வழி.

முதலில் குரல் கொடுத்தவர் யார்?

இந்த விஷயத்தில் மறக்கக் கூடாத பெயர் ஆலிஸ் டை. இவரும் கணவர் பீட் டையும் சேர்ந்து பல மைதானங்களை வடிவமைத்தவர்கள். பீட் டை மைதானங்கள் என்றாலே கடினமானவை என்று பெயர். ஃபுளோரிடாவின் டி.பி.சி சாக்ராஸ் மைதானத்தில் நாலாபுறமும் தண்ணீர் சூழ்ந்த 17-வது ஹோலின் ‘தீவு கிரீன்’ உலகப் புகழ் பெற்றது. அந்த யோசனையைக் கொடுத்ததே ஆலிஸ்தான்.

அதாவது, கஷ்டமான கோல்ஃபுக்கு எதிரி அல்ல அவர். அமெரிக்க சீனியர் பெண்கள் அமெச்சூர் பட்டத்தை 1978, 1979 என அடுத்தடுத்து இரண்டு முறை வென்ற ஆட்டக்காரரும்கூட. அப்படிப்பட்டவர்தான், பெண்கள் எல்லோரையும் ஒரே டீயில் நிறுத்துவது சரியல்ல, அவர்களுக்குள்ளும் தூரம் அடிப்பவர், குறைவாக அடிப்பவர் என்று வித்தியாசம் உண்டு, எனவே குறைந்தது இரண்டு டீக்களாவது வேண்டும் என்று தொடர்ந்து வாதாடினார்.

அமெரிக்க கோல்ஃப் மைதான வடிவமைப்பாளர்கள் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினர், பிறகு அதன் முதல் பெண் தலைவர் என்ற இரண்டு பெருமைகளும் ஆலிஸுக்கு உண்டு. 2019-ல் தன் 91-வது வயதில் காலமானார்.

2011-ல் என்ன நடந்தது?

பேச்சாக இருந்த விஷயம் இயக்கமாக மாறியது 2011-ல். ஆடம்ஸ் கோல்ஃப் நிறுவனத்தைத் தொடங்கிய பார்னி ஆடம்ஸின் யோசனையை ஏற்று, பி.ஜி.ஏ ஆஃப் அமெரிக்காவும் அமெரிக்க கோல்ஃப் சங்கமும் சேர்ந்து ‘டீ இட் ஃபார்வர்ட்’ என்ற பிரசாரத்தைத் தொடங்கின. ஜாக் நிக்லஸ் போன்ற ஜாம்பவான்களும் ஆதரவு தந்தார்கள்.

அதன் அடிப்படை எளிது. நீங்கள் ஆணா, பெண்ணா, வயது என்ன என்று கேட்காதே. டிரைவரால் எவ்வளவு தூரம் அடிக்கிறீர்கள் என்று மட்டும் கேள். அதற்கேற்ற 18 ஹோல் நீளம் இதுதான்:

- 275 யார்டு அடிப்பவருக்கு: 6,700 – 6,900 யார்டு
- 250 யார்டு: 6,200 – 6,400
- 225 யார்டு: 5,800 – 6,000
- 200 யார்டு: 5,200 – 5,400
- 175 யார்டு: 4,400 – 4,600
- 150 யார்டு: 3,500 – 3,700
- 125 யார்டு: 2,800 – 3,000

பட்டியலைக் கவனித்தால் ஒன்று புரியும். 50 வயதில் 225 யார்டு அடித்த ஒருவர் 70 வயதில் 175 யார்டுதான் அடிக்கிறார் என்றால், அவருக்கான மைதானம் கிட்டத்தட்ட 1,400 யார்டு சுருங்க வேண்டும். அதே டீயில் தொடர்ந்து ஆடினால் ஆட்டம் ஒவ்வொரு வருடமும் கஷ்டமாகிக்கொண்டே போகும். ‘வயசாயிடுச்சு, இனி நமக்கு ஒத்து வராது’ என்று கிளப்பை மூட்டை கட்டி வைப்பவர்கள் பலருக்கு, தேவைப்பட்டது ஓய்வு இல்லை. இரண்டு டீ முன்னால் போவதுதான்.

150 யார்டு வரியையும் பாருங்கள். 3,500 முதல் 3,700 யார்டு. ஆனால் பல இடங்களில் இருந்த மிக முன்னாலுள்ள டீயே 5,000 யார்டைத் தாண்டியது. ‘முன்னால் போய் ஆடுங்கள்’ என்று சொன்னாலும் போவதற்கு அங்கே டீ இல்லை! அதனால்தான் புதிதாக அமைக்க வேண்டிய தேவை வந்தது.

நல்ல உதாரணம் எங்கே இருக்கிறது?

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் சதர்ன் பைன்ஸ் என்ற ஊரில் லாங்லீஃப் என்ற மைதானம் இருக்கிறது. குழந்தைகளுக்கான கோல்ஃப் அமைப்பான யு.எஸ். கிட்ஸ் கோல்ஃப் அதை வாங்கிய பிறகு, மைதான வடிவமைப்பாளர்கள் சங்கத்தின் அறக்கட்டளையோடு சேர்ந்து ஒரு புதிய முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு ஹோலிலும் ஏழு டீக்கள். மிகக் குறுகியது மொத்தம் சுமார் 3,200 யார்டு; மிக நீளமானது 6,000 யார்டுக்கு மேல்.

இதில் சுவாரஸ்யமான விஷயம், யார் எந்த டீயில் ஆடுவது என்பதை முடிவு செய்யும் விதம். பயிற்சித் திடலில் வேறு வேறு தூரத்தில் நிறக் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். அங்கே சில பந்துகளை அடித்துப் பார்க்க வேண்டும். எந்தக் கம்பம் வரை பந்து போகிறதோ, அதற்குரிய டீ. தாத்தா, பேத்தி, அம்மா, காலேஜ் பையன் என்று நாலு பேர் சேர்ந்து போனாலும், நாலு பேரும் ஒரே ஹோலை ஒரே மாதிரி சவாலோடு ஆடலாம்.

ஃபார்வர்ட் டீ அமைப்பது எப்படி?

கேட்க எளிதாக இருந்தாலும் செய்வதில் சூட்சுமம் உண்டு.

*முதல் படி, சோதனை:* ஃபேர்வேயில் ஒரு துண்டு இடத்தைக் குட்டையாக வெட்டி, இரண்டு அடையாளக் குமிழ்களை வைத்தால் தற்காலிக டீ தயார். பெரிய செலவு இல்லை. சில மாதம் மக்கள் பயன்படுத்துவதைப் பார்த்து, சரியான இடம் எது என்று முடிவு செய்யலாம்.

*இரண்டாவது, நிரந்தர மேடை:* மண் கொட்டிச் சமன்படுத்தி, தண்ணீர் தேங்காதபடி லேசான சரிவு கொடுத்து, புல் பதித்து, நீர்ப்பாசனக் குழாய் இழுக்க வேண்டும். மர நிழல் விழும் இடமாக இருந்தால் புல் வளராது. மேடை ரொம்பச் சின்னதாக இருந்தால் ஒரே இடத்தில் அடி விழுந்து விழுந்து மொட்டையாகிவிடும்.

*மூன்றாவது, இடம்:* எல்லா ஹோலிலும் ஒரே அளவு தூரம் முன்னால் தள்ளி வைப்பது தவறு. குளம் இருக்கும் ஹோலில் குளத்தைத் தாண்டியோ, பக்கவாட்டிலோ வைக்க வேண்டும். முன்தளத்தில் இருந்து அடிப்பவரின் பந்தும், பின்தளத்தில் இருந்து அடிப்பவரின் பந்தும் கிட்டத்தட்ட ஒரே பகுதியில் விழ வேண்டும். அப்போதுதான் இருவரும் அடுத்த அடியை ஒரே மாதிரி கிளப்பால் அடிப்பார்கள். ஒரே பங்கர் இருவரையும் பயமுறுத்தும். சவால் சமமாகும்.

*நான்காவது, மதிப்பீடு:* புதிய டீயில் இருந்து மைதானம் எவ்வளவு கடினம் என்று அதிகாரபூர்வமாக அளந்து எண் கொடுக்க வேண்டும். அது இல்லாவிட்டால் அங்கே எடுக்கும் ஸ்கோர் கணக்கில் சேராது. ‘சும்மா விளையாடுற இடம்’ என்ற பெயர்தான் மிஞ்சும்.

அந்த எண் என்ன சொல்கிறது?

அதற்குப் பெயர் ‘ஸ்லோப் ரேட்டிங்’. தேர்ந்த ஆட்டக்காரரோடு ஒப்பிட்டால், சுமாரான ஆட்டக்காரருக்கு இந்த மைதானம் எவ்வளவு அதிகமாகக் கஷ்டம் கொடுக்கும் என்பதற்கான அளவு. குறைந்தது 55, அதிகபட்சம் 155. நடுநிலை அளவு 113.

உதாரணமாக, 20 என்ற ஹேண்டிகேப் குறியீடு உள்ள ஒருவர் ஸ்லோப் 113 உள்ள டீயில் ஆடினால் சுமார் 20 ஷாட் சலுகை கிடைக்கும். ஸ்லோப் 141 உள்ள டீயில் ஆடினால் சுமார் 25 கிடைக்கும். மைதானத்தின் மற்றொரு மதிப்பீடும் இதில் சேரும் என்றாலும் அடிப்படை இதுதான். ஆக, முன்னால் ஆடுபவருக்குச் சலுகை குறையும். பின்னால் ஆடுபவருக்குக் கூடும். முன்தளத்தில் ஆடுபவர் ‘ஏமாற்றி ஜெயிக்க’ வழியே இல்லை. 2020-ல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறையில், ஒரே டீக்கு ஆண், பெண் இருவருக்கும் தனித்தனி மதிப்பீடு கொடுக்கவும் முடியும்.

அப்புறம் ஏன் தயக்கம்?

மானப் பிரச்னைதான். ‘லேடீஸ் டீயில ஆடுறியா?’ என்ற ஒரு கேலி போதும், 70 வயதுக்காரர்கூட பின்னால் போய் நிற்பார். அதனால்தான் பல மைதானங்கள் அந்தப் பெயரையே எடுத்துவிட்டன. எண்கள், மரங்களின் பெயர்கள், ஊர்க்காரர்களுக்குப் பழக்கமான பெயர்கள் என்று மாற்றிவிட்டார்கள். ஸ்கோர் அட்டையிலும் ஆண், பெண் என்ற பிரிவை நீக்கி, தூரத்தை மட்டும் போடுகிறார்கள்.

‘மைதானத்தின் கௌரவம் என்ன ஆவது?’ என்பது இன்னொரு கேள்வி. ஆனால் பின்தளத்தை யாரும் இடிக்கச் சொல்லவில்லை. கஷ்டம் வேண்டும் என்பவருக்கு அது அங்கேயே இருக்கிறது. மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் அகஸ்டா நேஷனலைவிடக் கௌரவமான மைதானம் உண்டா? அங்கேயே போட்டிக்கு 7,500 யார்டுக்கு மேல். கிளப் உறுப்பினர்கள் ஆடும் டீயில் சுமார் 6,400 யார்டுதான்.

நம் ஊர்த் திடலில் ஆடும் வாலிபாலையே எடுத்துக்கொள்ளுங்களேன். ஆண்களுக்கு வலையின் உயரம் 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர். யாராவது இதைச் சலுகை என்று சொல்கிறார்களா? ஆட்டம் ஆட்டமாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தானே அந்த அளவு!

கதவு திறந்தால் மட்டும் போதுமா?

கோல்ஃப் உலகில் பெண்களுக்குக் கதவு திறந்ததே தாமதம்தான். அகஸ்டா நேஷனல் முதல் பெண் உறுப்பினர்களைச் சேர்த்தது 2012-ல். ஸ்காட்லாந்தின் மியூர்ஃபீல்ட் மைதானத்தை நடத்தும் கிளப் 2016-ல் பெண்களைச் சேர்க்க மறுத்து, ஓபன் போட்டி நடத்தும் வாய்ப்பை இழந்து, 2017-ல் மனம் மாறியது. அதிதி அசோக் ஆடிய கசுமிகசெக்கியும் பெண்களை முழு உறுப்பினராக ஏற்றது 2017-ல்தான், அதுவும் ஒலிம்பிக் கமிட்டி அழுத்தம் கொடுத்த பிறகு.

உறுப்பினர் அட்டை கொடுத்துவிட்டு, எட்ட முடியாத இடத்தில் நிற்க வைத்தால் வரவேற்பு பாதியில் நின்றுவிடும். கட்டணம், நேரம், கற்றுக்கொடுக்க ஆள் என்று கோல்ஃபில் நுழைய வேறு தடைகளும் நிறைய உண்டு. ஃபார்வர்ட் டீ அவற்றைத் தீர்க்காது. ஆனால் உள்ளே வந்தவர் வெளியே போகாமல் இருக்க, இதைவிட மலிவான வழி குறைவு.

தமிழ்நாட்டில் ஆடுபவர்கள் என்ன செய்யலாம்?

சென்னை நந்தனம், கோவை, ஊட்டி, கொடைக்கானல் என்று தமிழ்நாட்டிலும் கோல்ஃப் மைதானங்கள் இருக்கின்றன. புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் கவனிக்க வேண்டியவை இவைதான்:

- பயிற்சித் திடலில் பத்துப் பந்து அடித்து, சராசரி தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வாழ்நாளில் ஒரே ஒருமுறை அடித்த சூப்பர் ஷாட்டைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.
- ஸ்கோர் அட்டையில் ஒவ்வொரு டீயின் மொத்த நீளமும் இருக்கும். மேலே உள்ள பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.
- பார் 4 ஹோல்களில் நல்ல இரண்டு அடியில் கிரீனை எட்ட முடியவில்லை என்றால், டீயை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.
- ஒரே குழுவில் வேறு வேறு டீயில் ஆடும்போது, பின்னால் இருப்பவர் முதலில் அடிக்கட்டும். முன்தளத்தில் ஆடுபவர் அதுவரை முன்னால் போகக் கூடாது. இது பாதுகாப்பு விஷயம்.

தூரம் குறைந்தால் அடிகள் குறையும், பந்தைத் தேடும் நேரமும் குறையும், பின்னால் வரும் குழுவும் காத்திருக்க வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேல், நன்றாக அடித்த பந்துக்கு நல்ல பலன் கிடைக்கும். எட்டு வயதில் தொடங்கி எண்பது வயது வரை ஆடக்கூடிய விளையாட்டுகள் உலகில் மிகச் சில. அந்தச் சிலவற்றில் ஒன்றை, முப்பது யார்டு பிடிவாதத்துக்காக யாரும் இழக்க வேண்டியதில்லை.